செட்டிநாட்டு ஊர்களில் ஆஸ்துமா: மருந்துக்கடையும் டாக்டரும் சேர்ந்து பார்ப்பது எப்படி?

காரைக்குடி மருந்தாளுநர்

இழுப்பு வந்ததும் எடுக்கும் நீல பம்பு (சால்பியூட்டமால் இன்ஹேலர்) ஒருவருக்கு எவ்வளவு வேகமாகத் தீர்கிறது என்பது டாக்டருக்குத் தெரிய வழியில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகிறவர், "பரவாயில்லை டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். நம் பில் புத்தகத்தில் வேறு கதை இருக்கும். அதை டாக்டர் கைக்கு எப்படிக் கொண்டுபோவது என்று பேசத்தான் இந்த இழை.

கணக்கு எளிது. சால்பியூட்டமால் பம்பில் 200 பஃப் (ஒருமுறை அழுத்தினால் வருவது ஒரு பஃப்) இருக்கிறது. ஆஸ்துமா கட்டுக்குள் இருப்பவருக்கு வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் அது தேவைப்படக் கூடாது. தடவைக்கு 2 பஃப் என்றால் வாரத்துக்கு 4. ஒரு பம்பு 50 வாரம் ஓட வேண்டும். மாதம் ஒன்று வாங்குகிறவர் தினம் ஆறேழு பஃப் அடிக்கிறார். ஆஸ்துமாவுக்கான உலக அமைப்பான ஜீனாவின் வழிகாட்டி, வருடத்துக்கு 3 பம்போ அதற்கு மேலோ போனால் கடுமையான இழுப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது என்றும், 12ஐத் தொட்டால் உயிரிழக்கும் ஆபத்தே கூடுகிறது என்றும் சொல்கிறது. நீல பம்பை மட்டும் வைத்து ஆஸ்துமாவைச் சமாளிப்பதை 2019 முதல் ஜீனா ஏற்பதில்லை.

என் யோசனை: நோட்டுப்புத்தகத்தில் பாதிப் பக்க அளவில், கார்பன் நகலோடு ஒரு சீட்டு. கடைசி மூன்று முறை நீல பம்பு வாங்கிய தேதி, இழுப்பு வராமலிருக்கத் தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலர் வாங்கிய தேதி, இழுக்கும் முறையில் தவறிய படி, அவர் சாப்பிடும் மற்ற மருந்துகள், கீழே டாக்டர் பதில் எழுத மூன்று வரி. நோயாளியிடம் கேட்டுக்கொண்டு அவர் கையிலேயே கொடுத்தனுப்பலாம். இது நடக்குமா?

புதுவயல் பொது மருத்துவர்

நடக்கும். ஆனால் சீட்டு என்னைத் திருத்துவது போல இருந்தால் முதல் வாரத்திலேயே நின்றுவிடும். "இந்த மருந்து சரியில்லை, மாற்றச் சொல்லுங்கள்" என்று கவுண்டரில் வாய்மொழியாகச் சொல்லி அனுப்புவதும் வேண்டாம். நோயாளிக்கு நம் இருவர் மீதும் நம்பிக்கை போய்விடும். நீங்கள் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். "பிப்ரவரி 3, மார்ச் 1, மார்ச் 26: நீல பம்பு. தடுப்பு இன்ஹேலர் ஜனவரிக்குப் பிறகு வாங்கவில்லை." இது போதும், மீதி எனக்குப் புரிந்துவிடும்.

புறநோயாளி நேரத்தில் ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கிறது. அதில் இன்ஹேலர் இழுத்துக் காட்டச் சொல்ல முடிவதில்லை. அந்த வேலையை மருந்தாளுநர் எடுத்துக்கொண்டால் எனக்குப் பெரிய உதவி.

நெஞ்சக மருத்துவர், சிவகங்கை

சீட்டில் நான்கு கேள்வி சேருங்கள். கடந்த 4 வாரத்தில்: பகலில் வாரம் இரண்டு முறைக்கு மேல் இழுப்பு வந்ததா? இரவில் இழுப்பால் விழிப்பு வந்ததா? நீல பம்பு வாரம் இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டதா? மூச்சுக்காக ஏதாவது வேலையை நிறுத்தினாரா? ஒன்றுக்கும் 'ஆம்' இல்லையென்றால் கட்டுக்குள் இருக்கிறது. ஒன்றிரண்டு 'ஆம்' என்றால் ஓரளவு. மூன்று, நான்கு என்றால் கட்டுக்குள் இல்லை. கவுண்டரில் ஒரு நிமிட வேலை.

"வீசிங் எப்படி இருக்கு?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "பரவாயில்லை" என்றுதான் வரும். "நேத்து ராத்திரி எழுந்தீங்களா ஆச்சி?" என்று கேட்டால் உண்மை வரும்.

அவர் 'ஆம்' சொன்னதுமே மருந்தின் அளவு போதவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். என்னிடம் வருகிறவர்களில் மருந்தைக் கூட்டுவதற்கு முன் நான் பார்ப்பது மூன்று: மருந்து உண்மையில் உள்ளே போகிறதா, தினமும் எடுக்கிறாரா, தூண்டும் பொருள் வீட்டிலோ வேலையிலோ இருக்கிறதா. முதல் இரண்டையும் மருந்துக்கடைதான் நன்றாகக் கண்டுபிடிக்க முடியும்.

தேவகோட்டை மெடிக்கல்

இழுக்கும் முறையில் நாங்கள் கவுண்டரில் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகளை எழுதுகிறேன். புதிதாகக் கடை வைத்தவர்களுக்கு உதவும்.

பம்பு: மூடியைத் திறந்து, குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, உதட்டை இறுக்கி மூடி, மெதுவாக இழுக்க ஆரம்பித்த பிறகுதான் அழுத்த வேண்டும். தொடர்ந்து மெதுவாக இழுத்து 10 வினாடி அடக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் முதலில் அழுத்திவிட்டுப் பிறகு இழுக்கிறார்கள், அல்லது வெடுக்கென்று இழுக்கிறார்கள். இரண்டிலும் மருந்து தொண்டையில் படிந்துவிடும். இரண்டாவது பஃப்புக்கு அரை நிமிடமாவது விட்டு, மறுபடி குலுக்க வேண்டும். இரண்டு பஃப்பை ஒரே மூச்சில் அடிப்பது வீண்.

ரோட்டாகேப் (ரோட்டாஹேலர் கருவியில் போட்டு இழுக்கும் பொடி மருந்துக் கேப்சூல்): இதற்கு நேர்மாறு. வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். கேப்சூலின் தெளிவான பக்கத்தை உள்ளே வைத்து ரோட்டாஹேலரின் மேல் ஓட்டையில் சொருகி, விளிம்போடு சமமாக அழுத்தி, அடிப்பாகத்தைத் திருகினால் கேப்சூல் பிரியும். அதற்கு முன்னால் மூச்சை வெளியே விடும்போது கருவிக்குள் ஊதக் கூடாது. வாய் ஈரம் பட்டால் பொடி கட்டிக்கொள்ளும். இழுத்த பிறகு திறந்து பாருங்கள். பொடி மிச்சம் இருந்தால் மறுபடி இழுக்கச் சொல்லுங்கள். கேப்சூலைத் தண்ணீரோடு விழுங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வயதானவர்களிடம் "இது முழுங்குற மாத்திரை இல்ல" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ரோட்டாஹேலரைக் கழுவினால் ஈரம் துளியும் இல்லாமல் காய வேண்டும். கேப்சூலைப் புட்டியில் மூடி வைக்க வேண்டும். முற்றத்துத் தாழ்வாரத்தில், குளியலறை அலமாரியில் வைத்தால் மழைக்காலத்தில் பிசுபிசுத்துப் போகிறது.

பம்பை 30 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் கிடக்கக் கூடாது. பம்பின் பிளாஸ்டிக் வாயில் வெள்ளைப் பொடி அடைத்துக்கொண்டால் மருந்து குறைவாக வரும். டப்பாவைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக்கை மட்டும் வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி நிழலில் காயவைக்கலாம்.

தடுப்பு இன்ஹேலர் இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெண்படலமும் குரல் கம்மலும் வந்து, "மருந்து ஒத்துக்கலை" என்று நிறுத்திவிடுகிறார்கள்.

காரைக்குடி மருந்தாளுநர்

மேலே சொன்னதோடு ஒன்று: செய்து காட்டுவது மட்டும் போதாது, அவர் செய்து நமக்குக் காட்ட வேண்டும். ஒருமுறை சரியாகச் செய்தவரும் ஒன்றிரண்டு மாதத்தில் பழைய பழக்கத்துக்குப் போய்விடுகிறார். அதனால் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பார்ப்பது நல்லது.

எண்ணிக்கை காட்டும் முகப்பு இல்லாத பம்பு எப்போது தீரும் என்று தெரியாது. தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதை நம்பக் கூடாது. 120 பஃப் உள்ள தடுப்பு இன்ஹேலரை காலை 2, இரவு 2 எடுத்தால் 30 நாளில் தீரும். தொடங்கிய தேதியையும் தீரும் தேதியையும் டப்பா மேலேயே மார்க்கரில் எழுதிக் கொடுங்கள். அந்தத் தேதி கடந்து மூன்று வாரம் ஆகியும் அடுத்தது வாங்க வரவில்லை என்றால் அதுவும் சீட்டில் வர வேண்டிய செய்திதான்.

புதுவயல் பொது மருத்துவர்

ஒரு சங்கடம். பழைய மருந்துச் சீட்டை வருஷக் கணக்கில் காட்டி மருந்து வாங்குகிறார்கள். கொடுக்க மாட்டேன் என்று சொன்னால் தடுப்பு இன்ஹேலரை விட்டுவிட்டு அடுத்த கடையில் நீல பம்பு வாங்கிவிடுவார்கள். இதற்கு என்ன வழி?

காரைக்குடி மருந்தாளுநர்

வழி சட்டத்திலேயே இருக்கிறது டாக்டர், நாம்தான் பயன்படுத்துவதில்லை. மருந்து விதிகள் 1945-இன் 65ஆவது விதிப்படி, மறுமுறை கொடுக்கலாம் என்று மருத்துவர் எழுதாத மருந்துச் சீட்டுக்கு ஒருமுறைதான் மருந்து கொடுக்க முடியும். எத்தனை முறை, என்ன இடைவெளியில் என்று எழுதிவிட்டால் அதன்படி கொடுக்கலாம். ஒவ்வொரு முறையும் கடைப் பெயர், முகவரி, தேதியைச் சீட்டில் உங்கள் கையெழுத்துக்கு மேலே நாங்கள் குறிக்க வேண்டும்.

எனவே நீங்கள் இப்படி எழுதினால் போதும்: "தடுப்பு இன்ஹேலர்: மாதம் 1, 6 முறை வழங்கலாம். நீல பம்பு: 1, ஒரு முறை மட்டும், அடுத்தது வேண்டுமென்றால் என்னைப் பார்த்த பிறகு." தடுப்பு மருந்து தடையில்லாமல் கிடைக்கும். நீல பம்பு வேகமாகத் தீர்ந்தால் அவர் தானாக உங்களிடம் வந்து நிற்பார். சீட்டில் விழும் தேதிகளே உங்களுக்குக் கணக்குப் புத்தகமாகிவிடும்.

அதே விதியில் இன்னொன்று: சீட்டில் எழுதியதற்குப் பதிலாக வேறு தயாரிப்பை நாங்களாக மாற்றிக் கொடுக்கக் கூடாது. "பம்பு ஸ்டாக் இல்ல, ரோட்டாகேப் வாங்கிட்டுப் போங்க, ரெண்டும் ஒண்ணுதான்" என்பது தவறு. கருவி மாறினால் இழுக்கும் முறையே தலைகீழாக மாறுகிறது.

நெஞ்சக மருத்துவர், சிவகங்கை

இதை அடிக்கோடிட வேண்டும். இன்னொரு மாற்றம் இதைவிட ஆபத்தானது. புடெசொனைடு–ஃபார்மோட்டெரால் சேர்ந்த இன்ஹேலரை நான் சிலருக்குத் தடுப்பு மருந்தாகவும் அவசர மருந்தாகவும் ஒன்றாகவே எழுதுகிறேன். ஃபார்மோட்டெரால் சில நிமிடங்களில் வேலை செய்யும், கூடவே ஒவ்வொரு பஃப்பிலும் ஸ்டீராய்டும் போகும் என்பதால் இது முடிகிறது. ஃப்ளூட்டிகாசோன்–சால்மெட்டெரால் சேர்ந்ததும் கடை அலமாரியில் பக்கத்திலேயே இருக்கும், அதுவும் 'காம்பினேஷன்'தான். அதை இழுப்பு வரும்போது அவசரத்துக்கு எடுக்கக் கூடாது. மாற்றிக் கொடுத்தால் நோயாளி அதையும் முன்போலவே திரும்பத் திரும்ப இழுப்பார்.

மருத்துவர்கள் செய்ய வேண்டியது: மருந்துச் சீட்டில் "தினமும் 1–0–1, இழுப்பு வந்தால் கூடுதலாக 1" என்று தெளிவாக எழுதுவது. 6 மைக்ரோகிராம் ஃபார்மோட்டெரால் உள்ள பஃப் பெரியவர்களுக்கு ஒரு நாளில் மொத்தம் 12-ஐத் தாண்டக் கூடாது. அந்த எண்ணிக்கையை நெருங்கினாலே அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

தேவகோட்டை மெடிக்கல்

"ஒரு வேளைக்கு வீசிங் மாத்திரை கலந்து குடுங்க" என்று கேட்கிறவர்கள்தான் எங்களுக்குப் பெரிய கவலை. டெரிஃபிலின், கூடவே டெக்சாமெத்தசோனோ பீட்டாமெத்தசோனோ ஒரு ஸ்டீராய்டு மாத்திரை, ஒரு அலர்ஜி மாத்திரை. இரண்டு மணி நேரத்தில் நெஞ்சு லேசாகிவிடும், அதனால் மறுபடி அதே கடைக்கு வருவார்கள். இதை நிறுத்துவது எப்படி?

நெஞ்சக மருத்துவர், சிவகங்கை

முதலில் அந்த ஸ்டீராய்டு மாத்திரை என்ன செய்கிறது என்று எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 0.75 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரெட்னிசொலோனுக்குச் சமம். சின்ன மாத்திரை என்று நினைக்கக் கூடாது. மாதக் கணக்கில் போனால் எலும்பு தேயும், கண்புரை வரும், சர்க்கரை ஏறும். சர்க்கரை ஏறியதைப் பார்த்து அங்கே இன்னொரு டாக்டர் சர்க்கரை மாத்திரையைக் கூட்டுவார். ஏன் ஏறியது என்று அவருக்குத் தெரியாது. இந்த இடத்தில் உங்கள் சீட்டு உயிர் காக்கும்.

ஒரு எச்சரிக்கை: பல வாரமாகத் தினமும் சாப்பிட்டவருக்கு நீங்கள் ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். அட்ரீனல் சுரப்பி தூங்கிப் போயிருக்கும். திடீரென்று நின்றால் ரத்த அழுத்தம் விழுந்து மயங்கலாம். "இத்தனை மாதமாக எடுக்கிறார்" என்று எழுதி உடனே அனுப்புங்கள், நாங்கள் படிப்படியாகக் குறைக்கிறோம். டாக்டர் எழுதிய 5–7 நாள் பிரெட்னிசொலோன் வேறு. அதை முழுவதும் சாப்பிட்டு நிறுத்திவிடலாம்.

டெரிஃபிலின் எடுப்பவருக்கு யாராவது சிப்ரோஃப்ளாக்சசினோ எரித்ரோமைசினோ எழுதியிருந்தால் ஃபோன் செய்யுங்கள். டெரிஃபிலினில் உள்ள தியோஃபிலின் ரத்தத்தில் ஏறி வாந்தி, படபடப்பு, வலிப்பு வரை போகலாம். பீடியை விட்டவருக்கும் அளவு ஏறும்.

காரைக்குடி மருந்தாளுநர்

'மற்ற மருந்துகள்' கட்டத்தில் என்ன பார்க்க வேண்டும் என்பதை நான் கடைப் பையன்களுக்கு இப்படிச் சொல்லிக் கொடுக்கிறேன். தலைவலிக்கோ கை நடுக்கத்துக்கோ புரோப்ரனலால்: இது மூச்சுக்குழாயைச் சுருக்கும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின், இபுப்ரோஃபென்: எல்லா ஆஸ்துமாக்காரருக்கும் ஒத்துக்கொள்ளாது என்றில்லை, ஆனால் சிலருக்கு ஒரே மாத்திரையில் கடும் இழுப்பு வரும். ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில்: இவை வறட்டு இருமல் தரும், அதை ஆஸ்துமா என்று நினைத்து மருந்து கூடிக்கொண்டே போகும்.

எல்லோரும் தவறவிடுவது கண் சொட்டு. கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மூக்கு வழியாக ரத்தத்தில் கலந்து மூச்சுக்குழாயைச் சுருக்கும். ஆச்சிமார் கண் சொட்டை மருந்து என்றே கணக்கில் சேர்ப்பதில்லை, நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள். இருந்தால் சொட்டை நாம் நிறுத்தச் சொல்லக் கூடாது, பார்வை போய்விடும். அன்றே கண் டாக்டருக்கும் ஆஸ்துமா டாக்டருக்கும் தெரிவிக்க வேண்டும்.

குழந்தை மருத்துவர், காரைக்குடி

குழந்தைகளுக்குப் பம்போடு ஸ்பேசர் (பம்புக்கும் வாய்க்கும் இடையே பொருத்தும் பிளாஸ்டிக் குழல்) கட்டாயம். நான்கு வயதுக்குக் கீழே முகமூடியோடு, அதற்கு மேல் பழகினால் வாய்க்குழலோடு. ஒரு பஃப் அடித்து, ஐந்தாறு முறை சாதாரணமாக மூச்சு விட்டால் போதும். முகமூடிக்கும் கன்னத்துக்கும் இடையே இடைவெளி இருக்கக் கூடாது. அழும் குழந்தைக்கு மருந்து உள்ளே போகாது, சமாதானப்படுத்திவிட்டுக் கொடுங்கள்.

புது ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, துடைக்காமல், அப்படியே காற்றில் காயவிடச் சொல்லுங்கள். துணியால் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். மாதம் ஒருமுறை இப்படிச் செய்யலாம். வாங்க வசதியில்லாதவர்களுக்கு, 500 மில்லி தண்ணீர் பாட்டிலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாக நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு டேப் ஒட்டிக் கொடுக்கலாம். அவசரத்துக்கு நன்றாகவே வேலை செய்யும்.

மாண்டெலூகாஸ்ட்–லெவோசெட்ரிசின் சிரப்பைத் தாங்களாகவே மாதக் கணக்கில் வாங்கிக் கொடுக்கிறார்கள். 2020இல் அமெரிக்க மருந்துத் துறை மாண்டெலூகாஸ்டுக்கு மிகக் கடுமையான எச்சரிக்கை போட்டது: கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம். குழந்தையின் குணம் மாறியிருக்கிறதா என்று கவுண்டரில் கேளுங்கள். மாறியிருந்தால் சீட்டில் எழுதி அனுப்புங்கள்.

வெளியூர் வாசகர், சிங்கப்பூர்

வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்கு இதை எப்படிப் பொருத்துவது? கல்யாணத்துக்கோ படைப்புக்கோ (முன்னோர் வழிபாடு) பூட்டிக் கிடந்த அறைகளைத் திறந்து ஒட்டடை அடிக்கும்போதுதான் இழுப்பு வருகிறது என்கிறார்கள்.

நெஞ்சக மருத்துவர், சிவகங்கை

பூட்டிக் கிடந்த அறையில் தூசிப்பூச்சி, பூஞ்சை, வௌவால் எச்சம் எல்லாம் இருக்கும். ஆஸ்துமா உள்ளவர் அந்த வேலையில் இறங்கக் கூடாது. முதல் நாளே ஜன்னல்களைத் திறந்துவிட்டு, தரையை ஈரத்துணியால் துடைத்த பிறகு பெருக்கலாம். சுண்ணாம்பு அடிக்கும் நாளில் அவர் வேறு வீட்டில் இருக்கட்டும். தடுப்பு இன்ஹேலரை விசேஷ வாரத்தில் ஒருவேளைகூட விடக் கூடாது. வேலை மும்முரத்தில் அதைத்தான் முதலில் மறக்கிறார்கள். பலகாரத்துக்கு விறகடுப்பு மூட்டி மிளகாய் வறுக்கும் இடத்துக்கும் அவர் போக வேண்டாம்.

வேலையையும் சீட்டில் எழுதுங்கள். புதுவயல் அரிசி ஆலை, ஆத்தங்குடி டைல் பட்டறை, கண்டாங்கித் தறி, கருவேலங்கரி மூட்டம்: இதில் எது என்று தெரிந்தால் எனக்குப் பாதி வழி. வேலை நாளில் மோசமாகி விடுமுறையில் சரியானால் அது முக்கியமான தடயம்.

எல்லா இழுப்பும் ஆஸ்துமா இல்லை. 2 வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை. காலில் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டல் என்றால் இதயத்தைப் பார்க்க வேண்டும். இவர்களுக்கு பம்பு விற்று அனுப்புவது தாமதத்தைத்தான் விற்கிறது.

அவசரப் பிரிவு செவிலியர்

கவுண்டரிலேயே ஒருவர் மூச்சு முட்டி நின்றால் என்ன செய்வது என்று யாரும் எழுதவில்லை. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம், கழுத்துத் தசை உள்ளே இழுக்கிறது, சோர்ந்து தூக்கக் கலக்கம்: இதில் ஏதாவது இருந்தால் உடனே 108. உட்கார வையுங்கள், படுக்க வைக்க வேண்டாம். ஸ்பேசரில் நீல பம்பு 4 பஃப், ஒவ்வொன்றாக, ஒவ்வொரு பஃப்புக்கும் 4 மூச்சு. 4 நிமிடம் பாருங்கள். குறையவில்லை என்றால் மறுபடி 4, வண்டி வரும்வரை. கொடுத்த நேரத்தையும் எண்ணிக்கையையும் ஒரு தாளில் எழுதி அவரோடு அனுப்பினால் எங்களுக்கு அடுத்த மருந்து கொடுப்பது எளிது.

இழுப்புச் சத்தம் திடீரென்று நின்றால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். காற்றே போகாமல் இருக்கலாம்.

தேவகோட்டை மெடிக்கல்

மருந்துச் சீட்டு கையில் இல்லாமல் வந்தால்?

புதுவயல் பொது மருத்துவர்

மூச்சு முட்டுகிறவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். முதலுதவியைத் தொடங்கிக்கொண்டே எனக்கு ஃபோன் செய்யுங்கள், சீட்டு நான் எழுதித் தருகிறேன். அதற்காகத்தான் நம் வட்டாரத்துக் கடைகளும் டாக்டர்களும் நேரடி எண்ணைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். நோயாளி பெயரை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம், ஒருவருக்கொருவர் மட்டும்.

மூச்சு முட்டாமல், "பம்பு தீர்ந்துபோச்சு" என்று மட்டும் வருகிறவர் வேறு. அவருக்குத்தான் நாம் பேசிய பாதிப் பக்கச் சீட்டு.

காரைக்குடி மருந்தாளுநர்

எல்லோரும் சொன்னதைச் சேர்த்துச் சீட்டை மாற்றி எழுதுகிறேன். மேலே வாங்கிய தேதிகள், அடுத்து நான்கு கேள்விக்கு ஆம்/இல்லை, தவறிய படி, மற்ற மருந்துகள் (கண் சொட்டு தனி வரி), வேலை, மாத்திரை ஸ்டீராய்டு எவ்வளவு காலம், கீழே டாக்டர் பதில். 'மருந்தாளுநர் பரிந்துரை' என்ற வரி இருக்காது.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறவர்கள் மார்கழிக் கடைசியிலேயே மருந்து வாங்க வருவார்கள். சீட்டை அவர்களிடம்தான் முதலில் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். பனிக் காற்றிலும் ரோட்டுத் தூசியிலும் நாள் கணக்கில் நடப்பதற்கு முன் டாக்டரை ஒருமுறை பார்த்துவிட்டு, தடுப்பு இன்ஹேலரைப் பயணம் முழுவதும் எடுத்து, நீல பம்பையும் ஸ்பேசரையும் மூட்டை வண்டியில் போடாமல் மடியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். புதுப் பம்பு என்றால் கிளம்புமுன் குலுக்கி, காற்றில் சில பஃப் அடித்துப் பார்த்துக்கொள்ளட்டும். கூட நடக்கிற ஒருவருக்காவது 4 பஃப் கணக்கைச் சொல்லிக் கொடுத்து அனுப்புவோம்.